ட்ரவுட் தூண்டிலோடு மகசீரிடம் போகாதே

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்டோபர் கடைசியில் அலுவலக நண்பர்களோடு இமயமலை அடிவாரத்துப் பஞ்சேஸ்வரத்துக்கு, மகசீர் என்ற பெரிய ஆற்றுமீனைப் பிடிக்கப் போவதாகவும், அவலாஞ்சியிலும் எமரால்டிலும் நீ ட்ரவுட் மீனுக்குப் பழகிய ஐந்தாம் எண் ராடையே (தூண்டில் கோலையே) எடுத்துப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறாய். அதை எடுத்துப் போகாதே என்பதுதான் பதில். ஏன் என்பதைத் தொலைபேசியில் சொன்னால் முடிச்சுப் போடும்போது உனக்கு மறந்துவிடும் என்பதால் எழுதி அனுப்புகிறேன்.

நீலகிரி ஓடைகளில் நாம் பிடித்தது பெரும்பாலும் அரைக்கிலோவை எட்டாத ட்ரவுட். தெளிந்த, ஆழமில்லாத நீரில் அதன் கண்ணுக்குப் படாதபடி டிப்பெட் என்ற மெல்லிய நுனி நரம்பைக் கட்டி, மிருதுவாக வீசி, மீன் மாட்டியதும் நிதானமாக விளையாடிக் கரைக்குக் கொண்டுவருவோம். அந்தப் பழக்கம் முழுவதையும் நீ இப்போது தலைகீழாக்க வேண்டும். மகசீர் ஐந்து கிலோவாக இருந்தாலும் பத்துக் கிலோவாக இருந்தாலும், மாட்டிய நொடியில் ஆற்றின் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு ஓடும்; ஓடும் பாதையெல்லாம் பாறை. மெல்லிய நரம்பில் அதை அரைமணி நேரம் அலையவிட்டுப் பிடிப்பதைச் சிலர் திறமை என்பார்கள். எனக்கு அது திறமையாகத் தெரியவில்லை. அப்படிக் களைத்துப்போன மீனைத் திரும்ப விட்டாலும் அது பிழைக்கும் என்று நம்புவதற்கில்லை. பலமான தூண்டில் வேண்டும் என்று நான் சொல்வது மீனைச் சீக்கிரம் பிடித்துச் சீக்கிரம் விடுவதற்காகத்தான்.

ராடில் எழுதியிருக்கும் எண் அது சுமக்கும் லைனின், அதாவது நாம் வீசும் தடித்த நூலின், எடையைக் குறிப்பது. லைனின் முதல் முப்பது அடி ஐந்தாம் எண்ணில் 140 கிரெய்ன், அதாவது சுமார் ஒன்பது கிராம். எட்டாம் எண்ணில் 210 கிரெய்ன், பதின்மூன்றரை கிராமுக்குச் சற்று மேல். இறகு கட்டிய போலி இரையான ஃப்ளையை வீசிப் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்கில் தொலைவுக்குப் போவது லைனின் எடையால்தானே தவிர ஃப்ளையின் எடையால் அல்ல. ஆகவே விரல் நீளத்துக்கு இறகும் ஈயக் கண்ணும் வைத்துக் கட்டிய பெரிய ஃப்ளையை ஐந்தாம் எண் லைன் இழுத்துச் செல்லாது. காற்று கொஞ்சம் எதிர்த்தால் அது உன் காதிலேயே வந்து மாட்டும். ஒன்பது அடி நீளமுள்ள எட்டாம் எண் ராட் வாங்கிக்கொள். ஒன்பதாம் எண்ணும் தவறில்லை. மிதக்கும் லைன் ஒன்றும், நுனி மட்டும் மூழ்கும் லைன் ஒன்றும் இருந்தால் போதும்.

ரீல் விஷயத்தில் பணத்தை மிச்சம் பிடிக்காதே. ட்ரவுட்டுக்கு ரீல் என்பது லைனைச் சுற்றிவைக்கும் பெட்டி மட்டுமே. மகசீருக்கு அதன் பிரேக்தான் உயிர்நாடி. லைனுக்கு அடியில் இருபது பவுண்டு தாங்கும் டேக்ரான் நூல், அதாவது பேக்கிங், குறைந்தது நூற்றைம்பது மீட்டராவது இருக்கட்டும். அதை ரீலில் ஏற்றும்போது ஈரத்துணிக்குள் நூலை அழுத்திப் பிடித்து இறுக்கமாகச் சுற்று. தளர்வாகச் சுற்றினால், மீன் ஓடும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும்; அடுத்த கணம் எங்கோ ஒரு முடிச்சு அறுந்துவிடும். பிரேக்கை நுனி நரம்பின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்கக் கூடாது. பதினாறு பவுண்டு டிப்பெட் கட்டினால், காய்கறி நிறுக்கும் ஸ்பிரிங் தராசை லைனில் மாட்டி இழுக்கும்போது இரண்டு கிலோவைத் தாண்டியதும் ரீல் சுழலத் தொடங்க வேண்டும். இதைக் கையால் இழுத்துப் பார்த்துத் தோராயமாக முடிவு செய்யாதே; கை எப்போதும் அதிகமாகவே கணக்குச் சொல்லும்.

இனி முடிச்சுகள். ரீலிலிருந்து முள் வரைக்கும் குறைந்தது ஐந்து முடிச்சுகள் வரும். ரீலின் அச்சில் பேக்கிங்கைக் கட்டுவது எளிது, நீ அறிந்ததே. பேக்கிங்கையும் லைனையும் சேர்க்க ஆல்பிரைட் முடிச்சுப் போடு. அது ராடின் வளையங்களில் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். லைனையும், அதற்கும் டிப்பெட்டுக்கும் இடையில் வரும் லீடர் என்ற நரம்பையும் கண்ணியோடு கண்ணியாகக் கோக்கும்போது ஒன்றைக் கவனி: இரண்டு பேர் கை கோத்ததுபோல இரு கண்ணிகளும் சமமாகப் படிய வேண்டும். ஒரு கண்ணி மற்றதன் கழுத்தைச் சுற்றிப் படிந்துவிட்டால், பலமாக இழுக்கும்போது ஒன்றை ஒன்று அறுக்கும். லீடரின் நுனியில் டிப்பெட்டைச் சேர்க்க, இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிமனாக இருந்தால் ப்ளட் முடிச்சு. தடிமன் வேறுபட்டால் சர்ஜன்ஸ் முடிச்சு. ஃப்ளூரோகார்பன் நரம்பு வழுக்கும் தன்மையுள்ளது என்பதால் சர்ஜன்ஸ் முடிச்சை இரண்டுக்குப் பதில் மூன்று முறை சுற்றிப் போடுவதே எனக்குப் பிடித்தது.

ஃப்ளையைக் கட்டும் முடிச்சில்தான் நீ மாற வேண்டியிருக்கிறது. இதுவரை நீ போட்டுவந்த க்ளிஞ்ச் முடிச்சு மெல்லிய நரம்புக்கு நன்றாக இருக்கும். நரம்பு தடிக்கத் தடிக்க அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று சரியாகப் படியாது. பாலோமர் முடிச்சு பலமானது, ஆனால் பெரிய ஃப்ளை முழுவதையும் கண்ணிக்குள் நுழைத்து எடுக்க வேண்டும். விரைத்த விரல்களோடு ஆற்றங்கரையில் நின்று அதைச் செய்வது எரிச்சலான வேலை. ஆகவே நழுவாத கண்ணி முடிச்சைப் பழகிக்கொள். நுனியிலிருந்து ஒரு சாண் விட்டு நரம்பில் ஒரு சாதாரண முடிச்சைப் போட்டு, இறுக்காமல் வளையமாகவே வைத்துக்கொள். நுனியை முள்ளின் கண்ணுக்குள் நுழைத்து, அந்த வளையத்துக்குள் எந்தப் பக்கத்திலிருந்து வெளியே வந்ததோ அதே பக்கமாகத் திரும்ப நுழை. பிறகு மூல நரம்பை நான்கு சுற்றுச் சுற்றி, நுனியை மறுபடி அதே வளையத்துக்குள் அதே பக்கமாக விடு. எச்சில் தொட்டு ஈரப்படுத்தி, முதலில் நுனியை மெதுவாக இழுத்துச் சுற்றுகளைப் படியவைத்து, அதன்பின் மூல நரம்பையும் ஃப்ளையையும் எதிரெதிராக இழுத்து இறுக்கு. முள்ளின் கண்ணுக்கு முன்னால் சிறு கண்ணி ஒன்று நிற்கும். அதில் ஃப்ளை தளர்வாகத் தொங்கிச் சிறு மீனைப்போல் அசையும்.

ஈரப்படுத்துவதைச் சடங்காக நினைக்காதே. உலர்ந்த நரம்பை வேகமாக இறுக்கினால் உரசல் சூட்டில் அதன் மேற்பரப்பு கெடும். முடிச்சுக்கு அருகில் நரம்பு வெளுத்தோ சுருண்டோ தெரிந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டு. பாறையில் உரசியதும், ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், கடைசி இரண்டு அடி நரம்பை இரு விரல்களுக்கிடையில் ஓடவிட்டுப் பார். சொரசொரப்பாக நகத்தில் தட்டினால் தயங்காமல் மாற்றிவிடு.

முள்ளைப் பற்றி உன் நண்பர்களும் சொல்லியிருப்பார்கள். மகசீருக்குத் தாடையில் பல் இல்லை, தொண்டைக்குள் இருக்கிறது. நண்டையும் நத்தையையும் அந்தப் பல்லால்தான் அது நசுக்கித் தின்னும். அதன் உதடு தடித்த சதை. ட்ரவுட்டுக்கான மெல்லிய கம்பி முள் அந்த இழுவையில் நிமிர்ந்துவிடும்; தொண்டை வரை போனால் நசுங்கித்தான் வெளியே வரும். அடித்துத் தட்டையாக்கிய தடித்த கம்பியில், தண்டு குட்டையாகவும் வாய் அகலமாகவும் உள்ள முள்ளைத் தேர்ந்தெடு. இரண்டாம் எண்ணிலிருந்து 1/0 வரை போதும். முள்ளுக்கு எண் கூடினால் அளவு குறையும், 1/0, 2/0 எனச் சுழிக்கு முன்னால் வரும் எண் கூடினால் அளவும் கூடும் என்ற அந்த விசித்திரக் கணக்கு உனக்கு நினைவிருக்கும். மூன்று முள் சேர்ந்தது எதையும் கட்டாதே. நுனிக்குப் பின்னால் எதிர்த்திசையில் நிற்கும் குட்டி முள்ளைப் பிளையரால் அழுத்திப் படியவைத்துவிடு. மீன் கழன்றுவிடுமே என்று பயப்பட வேண்டாம். லைன் தளராமல் இருந்தால் கழலாது, விடுவிக்கும்போதோ ஒரு திருப்பலில் வந்துவிடும். கூர்மையைச் சோதிக்க முள் நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக இழு. வழுக்கினால் அரம் வைத்துத் தீட்டு, நகத்தைக் கவ்வினால் விட்டுவிடு.

மீன் கடித்ததும் ராடைத் தூக்காதே. ட்ரவுட் பழக்கம் உன்னை அப்படிச் செய்யச் சொல்லும். ராடின் நுனியை மீனை நோக்கியே வைத்துக்கொண்டு, இடது கையால் லைனை நீளமாக, பலமாக இழு. முள் அப்போதுதான் அந்த உதட்டில் இறங்கும். உடனே அது ஓடத் தொடங்கும். காலடியில் சுருண்டுகிடக்கும் லைன் முழுவதும் ரீலுக்குள் ஏறும் வரை அதைப் பார்த்துக்கொண்டிரு; விரலில் சுற்றவோ மிதிக்கவோ விடாதே. ரீலின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்த முயன்றால் விரல் கணுக்கள் பெயர்ந்துவிடும். முதல் ஓட்டம் முடிந்தபின் உன் முறை வரும்: ராடைச் செங்குத்தாக நிறுத்தாமல், தாழ்வாகப் பக்கவாட்டில் சாய்த்து, அடித்தண்டின் பலத்தால் இழு. கார்பன் ராடுகள் பெரும்பாலும் தலைக்கு மேல் தூக்கி வளைக்கும்போதுதான் முறிகின்றன.

மழைக்காலத்தில் மகசீர் முட்டையிடக் கிளையாறுகளுக்குள் ஏறும். வெள்ளம் வடிந்ததும் பெரிய ஆற்றுக்கு இறங்கும். சரயுவும் காளியும் கூடும் பஞ்சேஸ்வரத்தை அந்த மாதத்தில் தேர்ந்தெடுத்த உன் நண்பர்கள் விவரமானவர்கள்தான். அனுமதிச் சீட்டு கையில் இல்லாமல் ஆற்றில் இறங்காதே. நீர் கலங்கினாலோ மட்டம் உயர்ந்தாலோ மீனை மறந்து கரையேறு.

பிடித்த மீனை மணலிலோ கல்லிலோ இழுத்துப் போடக் கூடாது. கையை நனைத்துக்கொண்டு நீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடு. செவுளில் விரல் விட்டுத் தூக்கிப் படம் எடுக்கும் வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. தலை நீரோட்டத்தை எதிர்கொள்ளும்படி பிடித்திரு. அது வாலால் உன்னை உதறும் வரை விடாதே. நம் பக்கத்துக் கபினியில் 1946ஆம் ஆண்டு வான் இங்கன் என்ற தூண்டில்காரர் 120 பவுண்டு எடையில் மகசீர் ஒன்றைப் பிடித்தார். அந்தக் காவிரிக் கூனல் மகசீர் இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதற்கு முறையான அறிவியல் பெயர் எது என்று 2018ஆம் ஆண்டில்தான் உறுதி செய்தார்கள். நீ பிடிக்கப்போகும் இமயத்துப் பொன் மகசீரும் அருகிவரும் இனமே.

நான் கட்டிய ஃப்ளைகளைச் சிறு டப்பாவில் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கறுப்பும் ஆலிவ் பச்சையும் கலங்கிய நீருக்கு, வெள்ளை அடிவயிறு உள்ளவை தெளிந்த நீருக்கு. எல்லாவற்றிலும் எதிர்முள்ளை நசுக்கிவிட்டேன். புறப்படுவதற்கு முந்தைய இரவே அறையில் உட்கார்ந்து முடிச்சுகளைக் கட்டி, தராசில் மாட்டி இழுத்துப் பார். டெல்லியில் வாங்கச் சொல்லியிருக்கும் லைனின் பெட்டியில் எந்த எண் அச்சிட்டிருக்கிறது என்பதைப் பார்த்து எழுது; எட்டு இல்லையென்றால் திருப்பிக் கொடுக்க நாளிருக்கிறது.

அன்புடன்,
அப்பா