வகுப்பறைக்கும் ஒரு சிட்டை

காரைக்குடி
வைகாசிக் கடைசி

அன்புள்ள சிகப்பி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. கானாடுகாத்தான் பக்கத்திலேயே தலைமையாசிரியர் பொறுப்பு கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். இனி இரண்டு பஸ் மாற வேண்டியதில்லை. ஆத்தாவைக் கேட்டதாகச் சொல்லு. இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. ஊருணியில் பாதிப் படிக்கட்டு வெளியே தெரிகிறது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். முப்பது பிள்ளைகள், ஏழெட்டுச் சாதி, மூன்று மதம், வீட்டில் நாலு பாஷை, அதில் ஒரு பிள்ளைக்குக் காது மந்தம். எல்லோருக்கும் சமமாக இடம் கொடுக்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். உறுதிமொழி, ‘நாம் அனைவரும் சமம்’ என்று ஒரு சார்ட், அதெல்லாம் ஒரு மணி நேர வேலை. செய்துவிட்டுப் போ. நான் சொல்வது வேறு. உங்கள் அப்பச்சி எழுதுவார்களே சிட்டை, அதை வகுப்பறைக்கு எழுது. அன்றைய வரவு செலவு அன்றே சிட்டையில் ஏறும், பிறகு பேரேடு, கடைசியில் மொத்தக் கணக்கான ஐந்தொகை. ‘எல்லாப் பிள்ளையையும் ஒரே மாதிரித்தான் பார்க்கிறேன்’ என்று சொல்லாத டீச்சர் கிடையாது. சிட்டை எழுதாத கடைக்காரரும் லாபம் என்றுதான் சொல்வார்.

ஓர் அட்டையில் முப்பது கட்டம் போடு, பிள்ளைகள் உட்காரும் வரிசைப்படியே. கட்டத்துக்கு ஒரு பெயர். நாலே குறிதான். கேள்வி கேட்டால் ‘கே’. அதுவே ‘ஏன், எப்படி’ என்று யோசிக்க வைக்கும் கேள்வியானால் ‘ஏ’. பாராட்டினால் ‘பா’, திட்டினால் ‘தி’. மூன்று நாள், நாளைக்கு ஒரு பாடவேளை போதும். பாடம் நடத்திக்கொண்டே குறியை நீயே போடாதே. பாடம் நடத்துகிறவருக்குத் தன் கண் எங்கே போகிறது என்று தெரியாது. பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிடு, ஆள் இல்லையென்றால் செல்போனில் குரலை மட்டும் பதிந்து ராத்திரி உட்கார்ந்து குறி, குறித்ததும் அழித்துவிடு.

பெரும்பாலும் முதல் வரிசையும் நடு வரிசையும் நிரம்பியிருக்கும். ஓரமும் பின்பக்கமும் வெறுங்கட்டம். அதைவிட முக்கியம், ‘கே’ யாருக்கு, ‘ஏ’ யாருக்கு என்பது. கெட்டிக்காரப் பிள்ளை என்று நீ முதல் வாரமே முடிவு கட்டியவர்களுக்கு ‘ஏன்’ போகும். மற்றவர்களுக்கு ‘இது என்ன நிறம்’ என்பதோடு சரி. பாராட்டிலும் வித்தியாசம் உண்டு. பெண் பிள்ளைக்குக் ‘கையெழுத்து அழகு’, பையனுக்கு ‘மூளைக்காரன்’. சிட்டையில் கணக்கு உதைக்கும் இடம் இதுதான்.

திருத்துவதற்கு முதல் வழி, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே இதை அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 வினாடிதான் பொறுக்கிறார்கள். அதை 3 வினாடிக்கு மேல் ஆக்கினால் பதில் நீளமாகிறது, வாயே திறக்காத பிள்ளையும் பேசுகிறது. சொல்லுக்குச் சொல் மனசுக்குள் தமிழாக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த 1 வினாடி எந்த மூலைக்கு? மனசுக்குள் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ எண்ணு. முதல் வாரம் அந்த அமைதி உனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

இரண்டாவது, ஐஸ் குச்சி. முப்பது குச்சியில் முப்பது பெயர், ஒரு டப்பா. கேள்வியை முதலில் கேள், பிறகு குச்சியை எடு. பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்ற 29 பேரும் காதை மூடிக்கொள்வார்கள். எடுத்த குச்சியை வெளியே வைத்துவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. ‘என் முறை முடிந்தது’ என்று பிள்ளை வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடும். டப்பாவிலேயே திரும்பப் போடு, விடுபட்டவர்களைச் சிட்டையில் பார்த்துக்கொள். பதில் தெரியாத பிள்ளை ‘அப்புறம் சொல்றேன் டீச்சர்’ எனலாம். ஆனால் நீ கட்டாயம் அதனிடம் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அது தப்பிக்கும் வழியாகிவிடும்.

அடுத்து உட்காரும் இடம். 2023இல் சக மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பிள்ளைகளைப் பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைக்கச் சொல்லியிருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அகரவரிசைக்கும் ஒரு குணம் உண்டு. ‘முகமது’ என்று தொடங்கும் நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுவார்கள். கருப்பையாவும் கருப்பாயியும் அப்படியே. ஊரில் பெயரே ஆளைக் காட்டிக்கொடுக்கும்போது எழுத்து மட்டும் என்ன செய்யும்? அதனால் அகரவரிசையில் தொடங்கி, வாரா வாரம் நகர்த்து.

முப்பது பேரென்றால் முன்பின்னாக ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு பேர். எல்லோரையும் ஒன்றாக ஓரிடம் பின்னே தள்ளினால் பக்கத்தில் இருப்பவர் மாறவே மாட்டார். ஆகவே 1, 3, 5ஆம் பத்தியில் இருப்பவர்கள் திங்கள்தோறும் ஓரிடம் பின்னே போகட்டும், 2, 4, 6ஆம் பத்திக்காரர்கள் இரண்டிரண்டு இடம். கடைசிக்கு வந்தவர் சுற்றிக்கொண்டு முன்னே வருவார். ஐந்து வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வாரம் முதல் வரிசையில் இருக்கும், தன் ஜோடிப் பத்தியில் உள்ள ஐந்து பேரோடும் உட்கார்ந்திருக்கும். ஆறாம் வாரம் பத்திகளை இடம் மாற்று. நாலு வரிசை இருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது, சொல்லிவிட்டேன். இரண்டிரண்டாக நகரும் பிள்ளை 1, 3, 1, 3 என்றே சுற்றும். அங்கே எல்லோரையும் ஒவ்வொரு இடமாக நகர்த்தி, ஒரு சுற்று முடிந்ததும் பத்தியை மாற்றுவதுதான் வழி. காது மந்தமான பிள்ளை மட்டும் முன்வரிசையை விட்டு நகரக்கூடாது, நல்ல காது உன் பக்கம் இருக்கட்டும். காரணத்தை வகுப்புக்கு அறிவிக்க வேண்டியதில்லை. பெஞ்சுகளை மூன்று பக்கமாக ‘ப’ வடிவத்தில் போடுவது பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். பதினைந்து பேருக்கு அருமை. முப்பது பேரை அப்படி உட்காரவைத்தால் இரண்டு கைப்பக்கத்துப் பிள்ளைகளும் நாளெல்லாம் கழுத்தைத் திருப்பியபடி இருக்க வேண்டும், ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கரும்பலகையும் மின்னும்.

வேலை ஒப்படைப்பதில் கூடுதல் கவனம் வேண்டும். ஆனி பிறக்கப் போகிறது, தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவித் தேர் பேச்சு வரும். வடத்தை எந்தச் சாதிக்காரர் தொடலாம் என்று 1998லிருந்து சண்டையும் வழக்கும், நடுவில் பல வருஷம் தேரே ஓடவில்லை, 2024 ஆனியில்தான் போலீஸ் காவலோடு மறுபடி ஓடியது. நம் வகுப்பிலும் வடம் இருக்கிறது. துடைப்பம் யார் கையில், சாக்பீஸ் டப்பா யார் கையில், விருந்தினர் வந்தால் சந்தனக் கிண்ணம் யார் கையில் என்று ஒரு வாரம் சும்மா கவனி. சட்டென்று வாயில் வரும் பெயர்தான் வில்லங்கம். பெண் பிள்ளை பெருக்குவாள், பையன் பெஞ்சு தூக்குவான், சிவப்பாக இருக்கிற பிள்ளை சந்தனம் கொடுக்கும். இரண்டு வட்ட அட்டையை நடுவில் ஒரு குண்டூசியால் கோத்து, உள்வட்டத்தில் ஆறு வேலை, வெளிவட்டத்தில் ஐந்தைந்து பேராக ஆறு குழு எழுதி, வெள்ளிக்கிழமை ஒரு கட்டம் திருப்பு. குழு கலந்ததாக இருக்கட்டும். கழிப்பறைச் சுத்தம் எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. அட்டையிலேயே வராது. லீடர் வாரம் ஒருவர். சட்டப்படி தொடக்கப் பள்ளிக்கு 200 வேலை நாள், அதாவது 40 வாரம். முப்பது பேருக்கும் முறை வந்து மிச்சமும் இருக்கும். ‘பேசுகிறவர் பெயரை போர்டில் எழுது’ என்ற வேலையை மட்டும் யாருக்கும் கொடுக்காதே. பழைய பகையெல்லாம் அங்கேதான் தீர்க்கப்படும்.

வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்றும் சந்துரு குழு சொல்லியிருக்கிறது. பதிவேட்டில் எடுத்துவிடலாம், வாயில் இருக்கிறதே! உதவித்தொகை விண்ணப்பம் வந்ததும் ‘எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்திரு’ என்று ஒரு குரல் போதும், ஆறு மாத உழைப்பு வீண். விவரம் வேண்டுமானால் பெற்றோரிடம் தனித்தனியாகக் கேட்டு வாங்கு.

இனி பாஷை. கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வடக்கே இருந்து வந்தவர்களின் பிள்ளைகள் உன் பள்ளியில் கூடிக்கொண்டே போகும். டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பாதே. 2009 கல்வி உரிமைச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். அந்தப் பிள்ளை தமிழ் எழுத்தில் எங்கே முட்டிக்கொள்ளும் தெரியுமா? ‘க’வில். இந்தியில் க-வுக்கு நாலு எழுத்து, நமக்கு ஒன்று. ‘காகம்’ என்றால் முதல் க ஒரு சத்தம், இரண்டாவது வேறு. ‘பக்கம்’ ஒரு சத்தம், ‘பங்கு’ இன்னொன்று. ‘எந்த க டீச்சர்?’ என்று கேட்கும் பிள்ளையை மக்கு என்கிறோம். உண்மையில் அதன் காது நம்முடையதைவிடக் கூர்மை. நம் பிள்ளைகளுக்கு இது தாய்மடியிலேயே படிந்துவிட்டதால், இதில் ஒரு விதி இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. விதியை அப்படியே சொல்லிக்கொடு. சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் வன்மை. ங், ஞ், ண், ந், ம் என்ற மெல்லினத்துக்குப் பின் வந்தால் கனத்து ஒலிக்கும். இரண்டு உயிரோசைக்கு நடுவே வந்தால் மெத்தென்று ஆகும். த, ப, ட எல்லாம் ஏறக்குறைய இதே கதைதான், ச மட்டும் சொல் முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வகைக்குப் பத்துச் சொல், தினம் ஐந்து நிமிஷம், இரண்டு வாரம். பெயரையும் அம்மா கூப்பிடுகிறபடி கேட்டு எழுது. ‘ஹிந்திக்காரன்’ என்பது பெயரல்ல.

நம் ஊர்ப் பிள்ளை ‘அவுக வந்தாக’ என்று எழுதினால் சிவப்பு மையால் அடிக்காதே. பக்கத்தில் ‘அவர்கள் வந்தார்கள்’ என்று எழுதி, ‘இது வீட்டில் பேச, இது புத்தகத்தில் எழுத’ என்று சொல். செட்டிய வீட்டு ஆச்சியும் அவுக, வந்தாக என்றுதான் பேசுகிறார்கள், அதில் குறைச்சல் என்ன? நரிக்குறவர் பிள்ளைகளுக்கு வீட்டில் வாக்ரிபோலி. பாசி, ஊசி விற்கத் திருவிழாவுக்குத் திருவிழா குடும்பத்தோடு போவார்கள். பெயரை நீக்கிவிடாதே. போகும் முன் இரண்டு வாரத்துக்கான பயிற்சித் தாளைக் கையில் கொடு, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கு. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களை 2023 தொடக்கத்தில் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களா என்று விசாரித்து வழிகாட்டு.

அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைப் படிக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது படிப்புக்கு நல்லதுதான். அது பட்டப்பெயராகிவிடாமல் பார். ஒரு பிள்ளை மூன்று மாதமாக அரும்பிலேயே இருந்தால் கோளாறு பிள்ளையிடமா, பயிற்சியிலா என்று பார்க்க வேண்டும். விளையாட்டு, ஓவியம், சாப்பாடு இவற்றில் இந்தப் பிரிவினை தலைகாட்டவே கூடாது.

சாப்பாடு என்றதும் ஒன்று. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. முட்டைக்கு ஒரு வரிசை, பழத்துக்கு ஒரு வரிசை என்று நிற்கவைத்தால் ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்பது மாதிரி ஆகிவிடும். ஒரே வரிசை, ஒரே மேஜை. நீயும் காலைச் சிற்றுண்டியில் ஒரு கரண்டி வாங்கிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடு. ‘டீச்சரே சாப்பிடுறாங்க’ என்ற சேதி அன்று சாயங்காலமே எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

‘உன் வீட்டில் எத்தனை ஜன்னல்?’ என்ற கேள்வி செட்டிநாட்டில் வேண்டாம். ஒரே வீட்டில் முகப்பில் ஒரு பிள்ளையும் பின்கட்டில் காவல் குடும்பத்துப் பிள்ளையும் இருக்கும். ‘பள்ளியில் எத்தனை ஜன்னல்?’ என்று கேள், எல்லோரும் எழுந்துபோய் எண்ணலாம். ‘நாளைக்குச் சார்ட்டும் கலர் பென்சிலும் கொண்டு வா’ என்பதும் அப்படித்தான். பொதுப் பெட்டி ஒன்று வை. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாய். 1:12 என்பது கணக்கு, 6 அங்குலப் படிக்கு 6 அடி நீளம். கொத்தனார் 3 அடியில் முடித்துவிடப் பார்ப்பார், கூடவே நில். அடியில் மணலாக இருந்தால் சக்கரம் புதையும், நாலடிக்குத் தளம் போடச் சொல்.

சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் கூலிவேலைக்குப் போகிற அம்மா ஒருவரும் வர முடியாது. சாயங்காலம் ஐந்தரைக்கு வை.

முதல் சிட்டையை ஆடிப்பெருக்குக்குள் அனுப்பு. பெயர்களை மறைத்து எண் மட்டும் போட்டால் போதும். ‘ஏ’ எந்தக் கட்டங்களில் விழுந்திருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம். வரும்போது கண்டாங்கிச் சேலை கேட்டாயே, அரக்கு நிறத்தில் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மரகதம்