பேச்சுத்துணைத் திட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் மாதம் ஒருமுறை கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். அதனால், தனிமையில் வாடுபவர்களுக்குப் பேச்சுத்துணையாகத் தன்னார்வலர்களை அனுப்பும் நம் பணிக்கு நேரே வந்துவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாகச் சொல்கிறது. முதியவர்களைவிட இளையவர்களிடம் இது கூடுதல் என்றும் சொல்கிறது. நம்மிடம் வந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. மணமுறிவுக்குப் பிறகு வந்தவர்கள், வேலை போனபின் வீட்டோடு முடங்கியவர்கள், படுக்கையில் கிடந்த அம்மாவைப் பல ஆண்டு பார்த்துக்கொண்டு, அவர் போனபின் யாரோடு பேசுவது என்று தெரியாமல் நின்றவர்கள். வீடு நிறைய ஆள் இருந்தும் வந்தவர்கள் உண்டு.

நெருக்கமான ஒருவர் இல்லாத குறை வேறு, பழக ஒரு வட்டம் இல்லாத குறை வேறு என்று சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-லேயே பிரித்துச் சொன்னார். முதல் சந்திப்பில் நாம் கேட்டறிய முயல்வதும் இதைத்தான். வட்டம் தேடுபவருக்கு வாராந்திரக் குழுச் சந்திப்பே போதும். அவருக்குத் தனித் துணையை அனுப்பினால் இருவருக்கும் சங்கடம்.

இந்த ஆண்டின் பெரிய மாற்றம், தன்னார்வலர்கள் குறைந்தது ஓராண்டு தொடர வேண்டும் என்ற விதி. விண்ணப்பங்கள் குறைந்தன, காத்திருப்போர் பட்டியல் நீண்டது. சிலர் கோபித்துக்கொண்டார்கள், சரி. ஆனால் மூன்று வாரம் வந்துவிட்டு நின்றுபோகிறவர், வராமலே இருந்திருந்தால் நல்லது. ஏற்கெனவே பலர் விட்டுப்போன ஒருவருக்கு அது இன்னொரு விட்டுப்போதல்.

ஓர் அம்மையார் முதல் சில வாரங்கள் கதவுச் சங்கிலியைக்கூடக் கழற்றவில்லை. நம் தன்னார்வலர் வாசலில் நின்றே ஐந்து நிமிடம் பேசிவிட்டு, அடுத்த வாரம் அதே நேரத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, அப்படியே வந்தார். ஒருநாள் அவர் சட்டைப் பொத்தான் தொங்குவதைப் பார்த்து, “உள்ளே வாங்க, தைச்சுத் தர்றேன்” என்றார் அம்மையார். இப்போது தன்னார்வலர் அவரிடம் தையல் கற்றுக்கொள்கிறார். யார் யாருக்குத் துணை என்று பதிவேட்டில் எழுதுவதுதான் சிரமமாக இருக்கிறது.

புதியவர்கள் பலரும் “எனக்கு உளவியல் படிப்பு இல்லையே” என்று தயங்குகிறார்கள். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பை 1953-இல் லண்டனில் தொடங்கிய பாதிரியார் சாட் வரா கண்டது இதுதான்: அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களில் பலர், வெளியே இருந்த தொண்டர்களிடம் பேசியே மனம் ஆறினார்கள். படிப்பு தேவைப்படும் இடம் வேறு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பேச்சில் வந்தால் அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்யக் கூடாது.

பணம் கொடுக்கல் வாங்கல், வீட்டுச் சாவியை வைத்துக்கொள்வது, பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்து மூன்றுக்கும் தடை தொடர்கிறது. கடுமையாகத் தோன்றலாம், சந்தேகம் நுழைந்துவிட்டால் அப்புறம் பேச்சு எங்கே வரும்?

நடக்க முடியாதவர்களுக்கும் வெளியாளை வீட்டில் ஏற்கத் தயங்குபவர்களுக்கும் தொலைபேசித் துணை நன்றாக நடக்கிறது. ஆனால் நேரில் போக முடிந்தவர்கள் வசதிக்காக அதற்கு மாறுவதைச் செயற்குழு ஊக்குவிக்கவில்லை.

ஊர் மாறிப்போகும் தன்னார்வலர்கள் ஒரு மாதம் முன்பே சொல்லி, அடுத்து வருபவரைத் தாங்களே அழைத்துப்போய் அறிமுகப்படுத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவருகிறோம். அதையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்