சத்தம் பேச்சை என்ன செய்தது என்று கேளுங்கள்

தமிழ்ப் பேச்சுப் பதிவுகளைத் திரட்டி எழுத்தாக்கும் திட்டங்களை நடத்துபவர்களுக்கும், அவற்றுக்கு வழிகாட்டிக் குறிப்பு எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்பவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் அனுப்பும் வழிகாட்டிகளில் எண்களை எப்படி எழுதுவது, ஆங்கிலச் சொல்லை எந்த எழுத்தில் எழுதுவது, பேச்சு வழக்கைத் திருத்தலாமா கூடாதா என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. பின்னணிச் சத்தம் என்று வந்தால் மட்டும் ‘இரைச்சல் டேக் போடவும்’, அதாவது அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் அடையாளச் சொல்லைப் போடவும் என்று ஒரே வரி. இல்லையென்றால் அதற்கு நேர்மாறாக நாய், ஹாரன், கதவு, மணி, மழை என்று நீளமான பட்டியல். இரண்டுமே எங்களுக்கு உதவவில்லை. சத்தம் எதிலிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு, அது பேச்சை என்ன செய்தது என்பதைக் குறிக்கச் சொல்லுங்கள் என்பதே என் கோரிக்கை.

குக்கர் விசிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பேசுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் விசில் அடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பேச்சுக்கு அடியில் மெல்லியதாக ஓடினாலும் சொற்கள் தெளிவாகக் கேட்கும், எழுதிவிடலாம். ஆனால் ‘அவரு நாளைக்குப் போ...’ என்ற இடத்தில் விசில் வந்து மீதியை விழுங்கிவிட்டால்? தமிழில் காலம், ஆள், மறுப்பு எல்லாம் வினையின் கடைசியில்தான் இருக்கின்றன. போவாரா, போகமாட்டாரா, போகணுமா? பட்டியலில் ‘குக்கர்’ டேக் இருப்பதால் இங்கே ஒரு பயனும் இல்லை. டேக்கைப் போட்டுவிட்டு, முன்பின் வாக்கியங்களை வைத்து ‘போவாரு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது காதால் கேட்டு எழுதிய சொல்லா, ஊகித்து எழுதியதா என்பது அதற்கப்புறம் யாருக்கும் தெரியாது. அந்தத் தரவை வைத்துப் பேச்சை எழுத்தாக்கப் பயிலும் மென்பொருளும் விசில் சத்தத்தைக் கேட்டு ‘வாரு’ என்று எழுதக் கற்றுக்கொள்ளும்.

இந்த டேக் பட்டியல்கள் எங்கிருந்து வந்தன என்பது உங்களுக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ் நிறுவனம் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து உருவாக்கிய ஸ்விட்ச்போர்டு தொகுப்பில் இரைச்சல், சிரிப்பு, வாயால் எழுப்பும் சத்தம் என்ற குறிகள் உண்டு. பிற்பாடு அமெரிக்க உளவுத்துறையின் ஆராய்ச்சிப் பிரிவான ஐயார்பா நடத்திய பேபல் திட்டத்தில் தமிழும் இடம்பெற்றது. அங்கே மூச்சு, இருமல், உதட்டுச் சத்தம், மணியடிப்பு, லைன் கொரகொரப்பு எனக் குறிகள் பெருகின. அந்தக் காலத்து மென்பொருள் முறைகளில் இரைச்சலையும் ஓர் ஒலியனைப் போல, அதாவது மொழியின் அடிப்படை ஒலிகளில் ஒன்றைப் போல, தனியாகப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது, அதனால் அந்தப் பட்டியலுக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றைக்கும் அதை அப்படியே எங்கள் கையில் கொடுப்பதற்கு என்ன நியாயம் என்று தெரியவில்லை.

‘உதட்டுச் சத்தம்’ என்ற குறியைத் தமிழில் எங்கே போடுவது? பேசத் தொடங்கும்போது வாய் திறக்கிற சத்தம் இரைச்சல்தான், சரி. ஆனால் ‘உங்க ஊர்ல மழை பேஞ்சுச்சா?’ என்று கேட்டதற்கு ஒருவர் ‘ப்ச்’ என்கிறார் என்றால் அது பதில். பெய்யவில்லை என்பதோடு, அந்த வருத்தமும் அதிலேயே இருக்கிறது. ‘ம்ம்’ என்றால் ஆமாம், ‘ம்ஹூம்’ என்றால் இல்லை. இரண்டையும் தயக்க ஒலி என்று ஒரே டேக்கில் போட்டால் சம்மதமும் மறுப்பும் ஒன்றாகிவிடும். ஒருவர் கதை சொல்ல இன்னொருவர் ‘ம்’ கொட்டாமல் நம் ஊரில் உரையாடல் நடக்காது. ‘ம்’ நின்றுபோனால் ‘லைன்ல இருக்கியா?’ என்று கேட்டுவிடுவார்கள். இவற்றை எழுத்தாகவே எழுதச் சொல்லுங்கள். மனிதத் தொண்டையிலிருந்து வந்ததெல்லாம் பேச்சு அல்ல என்பது உண்மைதான். அகராதியில் இல்லாததெல்லாம் இரைச்சலும் அல்ல.

அடுத்து டிவி. பேசுபவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் சீரியலில் மாமியார் கத்துகிறார். அதுவும் தெளிவான தமிழ். ஒருவர் அதையும் எழுதுகிறார், இன்னொருவர் இரைச்சல் என்கிறார், மூன்றாமவர் பதிவையே நிராகரிக்கிறார். மூவருமே உங்கள் வழிகாட்டிப்படிதான் நடந்தார்கள், ஏனென்றால் வழிகாட்டி இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘பின்னணிப் பேச்சு’ என்று தனியாக ஒரு குறி வேண்டும். அதன் உள்ளடக்கத்தை எழுதக் கூடாது என்ற விதியும் அதோடு வேண்டும். டிவிக்காக மட்டும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் யாரோ போனில் வங்கி ஓடிபியை உரக்கப் படிப்பதும், பாட்டி தன் மாத்திரைகளின் பெயரைச் சொல்லிக் கேட்பதும் பதிவில் விழுகின்றன. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் மைக்கின் முன்னால் இருந்தவர் மட்டும்தானே?

பேச்சே இல்லாத இடங்களையும் சரியாகக் குறிக்க வேண்டியிருக்கிறது. 2022இல் ஓபன்ஏஐ வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருள் 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. அவ்வளவு பயின்றும், நிசப்தத்திலும் இரைச்சலிலும் யாருமே சொல்லாத வாக்கியங்களை அது எழுதிவிடுவதுண்டு. வீடியோவின் முடிவில் வருமே, ‘பார்த்ததற்கு நன்றி’, அதுகூட வந்திருக்கிறது. மருத்துவரின் குறிப்பில் இப்படி ஒரு வாக்கியம் முளைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நிராகரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்தமான பதிவைத் தூக்கிப்போடுவது உங்களுக்குச் சுலபம். அதோடு சேர்ந்து யார் போகிறார்கள் என்று பார்த்தீர்களா? தகரக் கூரையில் மழை விழும் வீடு, ஒற்றை அறைக் குடித்தனம், பஸ் ஸ்டாண்ட் கடை. மிஞ்சுவது கதவைச் சாத்திக்கொண்டு பேச வசதி உள்ளவர்களின் தமிழ். சுத்தமான பதிவில் பிறகு இரைச்சலைக் கலந்துகொள்ளலாம் என்பீர்கள். அதற்கென்றே 2015இல் வெளிவந்த மியூசன் போன்ற தொகுப்புகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் சத்தத்துக்கு நடுவே பேசுகிறவர் குரலை உயர்த்துகிறார், சுருதி ஏறுகிறது, உயிரெழுத்துகள் நீள்கின்றன. பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் இந்தக் குரல் மாற்றத்தைப் பற்றி 1911லேயே எழுதிவிட்டார். அமைதியான அறையில் படித்த வாக்கியத்தின் மேல் ஹாரனைக் கலந்தால் ஹாரன் வரும், அந்தக் குரல் வராது. நிராகரிப்பதற்குப் பதிலாக, மூழ்கிப்போன சில நொடிகளை மட்டும் நேரத்தோடு குறிக்க விடுங்கள்.

கடைசியாக, டேக் போடுகிற வேலை. பாதி வாக்கியத்தில் தமிழ் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, அடைப்புக்குறி போட்டு, சொல்லை எழுத்துப் பிசகாமல் அடித்து, மறுபடி தமிழுக்கு வர வேண்டும். ஓர் எழுத்து தவறினால் தானியங்கிச் சோதனை மொத்தத்தையும் திருப்பி அனுப்பும். கூலியோ ஒரு நிமிட ஒலிக்கு இவ்வளவு என்று ஒரே விலை, சந்தையில் எடுத்த நிமிடமானாலும் ஸ்டுடியோவில் எடுத்த நிமிடமானாலும். இந்த நிலையில் பலர் இரைச்சலைக் குறிக்காமலே கடந்துபோகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு பொத்தான் வையுங்கள். சத்தமான பதிவுக்கு விலையை ஏற்றுங்கள். வழிகாட்டியோடு ஒவ்வொரு குறிக்கும் மாதிரி ஒலித்துண்டுகளையும் அனுப்புங்கள், எல்லையில் நிற்கும் குழப்பமான துண்டுகளையும் சேர்த்து. ‘மிதமான இரைச்சல்’ என்று எழுதினால் ஆளுக்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் பணியாளர்