5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி: கேஸ் கசிவு, போர்டு பழுது, மறுக்கப்பட்ட வாரண்டி பற்றிய புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் டோல் ஃப்ரீ நம்பருக்கு இனிமேல் போன் செய்வதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் இதை எழுதுகிறேன். தமிழுக்கு இரண்டை அழுத்தி, காத்திருந்து, நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொல்லி முடித்ததும் "லைனில் இருங்க சார்" என்பார்கள், அப்புறம் லைன் கட்டாகும். மறுபடி போட்டால் வேறு ஒருவர், மறுபடி முதலிலிருந்து. மெயில் அனுப்பினால் வருத்தம் தெரிவித்து ஒரு பதில் வரும், மறுநாளே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வரும். யார் தீர்த்தது, எப்போது தீர்த்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாடல் நம்பர், சீரியல் நம்பர், பில் காப்பி எல்லாம் உங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், அதனால் இங்கே திரும்ப எழுதவில்லை. ஒன்றரை டன் ஸ்பிளிட், 5 ஸ்டார், இன்வெர்ட்டர், உள்ளே குளிரூட்டுவது ஆர்-32 கேஸ். போன வருஷம் பங்குனியில் வேலூர் ஆபீசர்ஸ் லைனில் ஒரு கடையில் வாங்கியது. நான் 3 ஸ்டார் வாங்கத்தான் போனேன். கடையில் உங்கள் கம்பெனி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்ற பையன்தான், "பத்தாயிரம் கூடன்னு பாக்காதீங்க சார், ரெண்டே சம்மர்ல ஈ.பி. பில்லுலயே எடுத்துரலாம்" என்று பிடித்து உட்கார வைத்து 5 ஸ்டாரை வாங்க வைத்தான். நன்றாகத்தான் பேசினான், அவன் மேல் கோபமில்லை. அவன் சொன்னதைச் செய்து காட்ட வேண்டியது நீங்கள்.

முதல் கோடையில் ஒழுங்காகத்தான் ஓடியது, இல்லை என்று சொல்லவில்லை. இந்த வருஷம் மாசி கடைசியிலேயே கூலிங் குறைய ஆரம்பித்துவிட்டது. வந்த முதல் டெக்னீஷியன் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார், அது சுத்தமாக இருந்தது. ரிமோட்டை வாங்கி 16க்கு இறக்கிவிட்டு, "வேலூர் வெயிலுக்கு 24ல வெச்சா எப்படி சார் கூலாகும், இந்த ஊருக்கு எந்த ஏசியும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஏசியை ஆன் செய்தால் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்று எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇ சொல்லிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் அனுப்பும் ஆள் 16ல் வை என்கிறார். சரி, வேலூர் வெயிலைப் பற்றிச் சொன்னாரே, உங்கள் மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் ஐஎஸ்இஇஆர் என்று, செலவாகும் கரண்டுக்கு எவ்வளவு குளிரூட்டும் என்று காட்டும் ஒரு எண் இருக்கிறதே, அது எந்த வெயிலை வைத்துக் கணக்குப் போட்டது என்று உங்களுக்குத் தெரியாதா? வெளியே 24 டிகிரியிலிருந்து 43 டிகிரி வரை, வருஷத்துக்கு 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. வேலூரும் அதற்குள்தான் வருகிறது. ஊட்டிக்கு மட்டும்தான் இந்த ஏசி என்றால் பெட்டியிலேயே அப்படி அச்சடித்திருக்கலாம்.

இதை எழுதும்போதே அந்தப் பல்லி விஷயம் நினைவுக்கு வந்து கை நடுங்குகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து வந்தவர் அவுட்டோர் யூனிட்டைத் திறந்து கேஜ் மாட்டிப் பார்த்து, "கேஸ் கம்மியா இருக்கு, ஒரு வருஷம் ஓடினா கொறையும் சார், நார்மல்" என்றார். இது நார்மலா? ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள்தான் ஏசி செய்கிற கம்பெனி. அவர் எங்கே கசிகிறது என்று பார்க்கவே இல்லை. பைப்பை இணைக்கிற ஃப்ளேர் நட்டில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர்கூட விடவில்லை. நைட்ரஜன் ஏற்றிச் சோதிக்கவில்லை, குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் பம்ப் கொண்டுவரவே இல்லை, தராசும் இல்லை. இந்த மெஷினுக்கு எத்தனை கிராம் கேஸ் போட வேண்டும் என்று அவுட்டோர் யூனிட் தகட்டிலேயே எழுதியிருக்கிறது. அதைப் பார்க்காமல் கேஸை ஏற்றி, பைப்பைத் தொட்டுப் பார்த்தே "போதும்" என்று நிறுத்தினார். அதற்கு 3,500 ரூபாய், பில் கேட்டால் "ஆபீஸ்ல இருந்து மெசேஜ் வரும்" என்றார். எந்த மெசேஜும் வரவில்லை.

ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும்? சித்திரை பிறப்பதற்குள் பழைய கதை. இன்டோர் காயிலில் ஐஸ் கட்டி, அது உருகி, சுவரில் வழிந்து, அம்மாவின் கட்டில் நனைந்தது. பெயிண்ட் உரிந்து கிடக்கிறது, போட்டோ இணைத்திருக்கிறேன்.

கரண்ட் பில் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பத்தாயிரம் கூடக் கொடுத்ததே அதற்குத்தான். இன்வெர்ட்டர் ஏசி மிச்சம் பிடிப்பது அறை சொன்ன டிகிரிக்கு வந்த பிறகு கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓடுவதில்தான். கேஸ் இல்லாத மெஷினில் அறை 24க்கு வரவே வராது, கம்ப்ரசர் வேகத்தைக் குறைக்கவே குறைக்காது, ராத்திரி முழுக்க முழு வேகத்தில் கத்திக்கொண்டிருக்கும். அப்படி ஓடினால் 5 ஸ்டாருக்கும் தாத்தா காலத்து ஜன்னல் ஏசிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருக்கும் எங்கள் வீடு இந்த முறை 500ஐத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று தெரியுமா? தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, 100 இலவச யூனிட்டுக்கு அடுத்து வரும் சலுகை விலையும் போய்விடும், கீழிருந்தே கணக்கு மாறும். இங்கே குடும்பத்தோடு உட்கார்ந்து மோட்டார் எத்தனை நிமிஷம், வாஷிங் மெஷின் எந்த நாள் என்று கணக்குப் பார்த்து அந்தக் கோட்டுக்குள் நிற்கிறோம். உங்கள் கரண்ட் சேமிக்கும் மெஷின் எங்களை அதற்கு வெளியே தள்ளிவிட்டது.

இப்போது பல்லி. கத்திரி தொடங்குவதற்கு முந்தைய வாரம் மெஷின் மொத்தமாக நின்றுவிட்டது. வந்த ஆள் அவுட்டோர் யூனிட் மூடியைக் கழற்றி, எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு போய்விட்டது, உள்ளே பல்லி செத்துக் கிடக்கிறது, பல்லியால் ஷார்ட் ஆனால் வாரண்டி வராது, புது போர்டு 12,000 ரூபாய் என்றார். வாரண்டி கார்டில் போர்டுக்கு 5 வருஷம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பல்லி எந்த மூலையில் இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், "பூச்சிகள், பிராணிகள்" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. தமிழ்நாட்டில் பல்லி இல்லாத வீடு எங்கே இருக்கிறது? இந்த நாட்டில் விற்கிற மெஷினில் பல்லி நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்டுவிட்டு, நுழைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்றால் எப்படி?

இதை உங்கள் சூப்பர்வைசரிடம் போனில் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன், வீட்டில் எல்லாரும் பக்கத்தில் இருந்தார்கள். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "பல்லிக்கு நாங்க என்ன சார் பண்றது? வேணும்னா பல்லிகிட்டயே காசு கேளுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் பக்கத்திலிருந்து இன்னொருவர் சிரிப்பதும் கேட்டது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ரிட்டயர் ஆகப்போகும் காலத்தில் என் பணத்தை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உங்கள் போன் கால் எல்லாம் ரெக்கார்ட் ஆகிறது என்று ஆரம்பத்தில் சொல்கிறீர்களே, தயவுசெய்து அந்த ரெக்கார்டிங்கை எடுத்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு, இது சரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

அவரே தான் "போர்டைக் கழற்றி ஆற்காடு சென்டருக்குக் கொண்டுவாங்க, செக் பண்ணி எழுதிக் குடுத்தா வாரண்டி பாக்கலாம்" என்றும் சொன்னார். தனி எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றி, அந்த வெயிலில், பஸ்ஸில், மடியில் போர்டை வைத்துக்கொண்டு போனேன். அங்கே ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், அந்த சென்டரை ராணிப்பேட்டைக்கு மாற்றி ரொம்ப நாள் ஆகிறது என்றார். டீக்கடைக்காரருக்குத் தெரிந்தது உங்கள் சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. ராணிப்பேட்டையில் இருந்தவர் போர்டைக் கையில்கூட வாங்கவில்லை, "வெளி ஆளை வெச்சு கழட்டிட்டீங்களே, இனிமே வாரண்டியே கிடையாது" என்றார். கழற்றச் சொன்னதே உங்கள் ஆள்தான்! அந்த நிமிஷம் நான் என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை, சத்தமாகப் பேசினேன் என்று மட்டும் தெரியும்.

ஸ்டெபிலைசர் விஷயம் தனி. பெட்டியில் "ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்று படம் போட்டு விற்கிறீர்கள், பல்லிக் கதை எடுபடவில்லை என்றதும் "ஸ்டெபிலைசர் இல்லாததால் போர்டு போயிருக்கலாம்" என்று மெயில் அனுப்புகிறீர்கள். ஏதாவது ஒரு காரணத்தில் நில்லுங்கள்.

இதற்கு நடுவில் ஒரு பையன் நான் வீட்டில் இல்லாத நேரம் வந்து, எதையும் தொடாமல், அம்மாவிடம் "பாட்டி, போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் சொல்லுங்க" என்று ஓடிபியை வாங்கிப் புகாரை முடித்துவிட்டுப் போயிருக்கிறான். எண்பது வயதுக்காரரை ஏமாற்றி வாங்குகிற ஓடிபிக்கும் பேங்க் மோசடிக்காரன் வாங்குகிற ஓடிபிக்கும் என்ன வித்தியாசம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த ஏசியால் எங்கள் குடும்பமே குலைந்து போயிருக்கிறது. அம்மாவுக்கு பிரஷர் ஏறி மருந்து மாற்ற வேண்டியதாயிற்று. மகள் நீட் பரீட்சைக்குப் படித்ததே அந்த அறையில்தான், கடைசி வாரம் முழுக்க மொட்டை மாடியில் கொசுக்கடியில் படித்தாள். அவளுக்கு மெடிக்கல் சீட் கிடைக்காமல் போனால் அதற்கும் உங்கள் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். போக்குவரத்து, லீவு, கரண்ட் பில், பெயிண்ட், டாக்டர் என்று எல்லாம் சேர்த்தால் இந்த மெஷினின் விலையைப் போல இரண்டு மடங்கு நஷ்டம், மன உளைச்சலுக்கு விலையே கிடையாது.

நான் சண்டை போட விரும்பும் ஆள் இல்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் உங்கள் கம்பெனிதான், பல வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகிறது, அந்த நம்பிக்கையில்தான் ஏசியும் வாங்கினேன். அதனால் இப்போதும் பணிவாகவே கேட்கிறேன். போர்டை வாரண்டியில் இலவசமாக மாற்றுங்கள். கசிவு எங்கே என்று கண்டுபிடித்து அடைத்து, வேக்யூம் போட்டு, எடை பார்த்துக் கேஸ் ஏற்றுங்கள். இதைச் செய்ய முடியாது என்றால் மெஷினை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். கேஸ் ஏற்றியதாகச் சொல்லி வாங்கிய 3,500 ரூபாயும் திரும்பி வர வேண்டும். அந்தச் சூப்பர்வைசர் என் அம்மாவின் முன்னால், ஸ்பீக்கரில், மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி மையம், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருப்பதால் நான் அங்கே வரமாட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை, வக்கீல் இல்லாமல் நானே நின்று பேசலாம். பேசவும் எனக்கு நிறைய இருக்கிறது. பிஇஇக்கும் எழுதுவேன், உங்கள் 5 ஸ்டார் மெஷினைக் கடையிலிருந்து எடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லி. பல்லியின் போட்டோ, ஷட்டர் இறங்கிய சென்டரின் போட்டோ, எஸ்எம்எஸ்கள், போன் செய்த நேரங்கள் எல்லாம் ஒரு ஃபைலில் பத்திரமாக இருக்கின்றன.

ஆள் அனுப்புவதாக இருந்தால் முந்தைய நாள் போன் செய்துவிட்டு காலை பத்து மணிக்கு மேல் அனுப்புங்கள். வேக்யூம் பம்ப்பும் தராசும் கையில் இல்லாதவர் கேட்டைத் தாண்டி உள்ளே வர வேண்டாம். ஓடிபி என் போனுக்கு மட்டும்தான் வரும், அதுவும் அறை 24 டிகிரிக்கு வந்ததை நான் பார்த்த பிறகுதான் கிடைக்கும்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி, வேலூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்