கவுண்டரோடு நின்ற பயணம்

அன்புள்ள குமரேசா,

நலம்தானே? ராதா இன்னும் அந்த நாகர்கோவில் வைத்தியரைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாளா? இத்தனை நாள் எழுதாததற்கு என்னை அப்புறம் திட்டிக்கொள். இப்போது எனக்கு உன் கருப்புக் கோட்டு வேண்டும்.

விஜயாக்காவை விமானத்தில் ஏற்றவில்லை. டல்லாஸில் மகள் அனுவுக்குப் பிரசவ நாள் நெருங்குகிறதென்று போன மாதம் கிளம்பினாள். சென்னையில் பெட்டியை எடை போட்டு டேக்கும் ஒட்டியாகிவிட்டது. அப்புறம்தான் கவுண்டர் பையன் பாஸ்போர்ட்டின் தேதியைப் பார்த்தான். காலாவதியாக நாலு மாதம் இருந்தது. “ஆறு மாசம் இருக்கணும் மேடம்” என்று சொல்லி, டேக்கைக் கிழித்துவிட்டான். பிரசவ லேகியம் வைத்த பெட்டியை பெல்ட்டிலிருந்து அவளே இழுத்து எடுத்தாளாம். ஹாஸ்டல் வார்டனையே வாயடைக்க வைத்தவள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை!

அவன் சொன்னது தப்பு. அமெரிக்காவுக்குப் பொதுவாக ஆறு மாத விதி உண்டுதான். ஆனால் அதிலிருந்து விலக்குப் பெற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இருக்கிறது. தங்கும் காலம் வரை பாஸ்போர்ட் செல்லுபடியானால் போதும். இவளோ இரண்டு மாதத்தில் திரும்புகிறவள், விசாவும் பக்காவாக இருந்தது. எந்த நாட்டுக்காரருக்கு எங்கே போக என்ன ஆவணம் வேண்டும் என்று பார்க்கத்தான் விமான நிறுவனங்கள் தங்கள் உலகச் சங்கமான ஐயாட்டாவின் டைமாட்டிக் என்ற தகவல் தொகுப்பை வைத்திருக்கின்றன. அதில் ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம்.

பையனை மட்டும் சொல்லியும் பயனில்லை. சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றிப் போனால் பிரிட்டனில் தலைக்கு 2,000 பவுண்ட் அபராதம். நம் நாட்டிலும் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்தது. திருப்பி அழைத்து வரும் செலவும் விமானக்காரன் தலையில்தான். தப்பாக ஏற்றினால் காசு போகும், தப்பாக நிறுத்தினால் ஒன்றும் போகாது. அப்படியிருக்க, சந்தேகம் வந்தால் அவன் எந்தப் பக்கம் சாய்வான்? குடியேற்ற அதிகாரியின் வேலையை இவர்கள் செய்கிறார்கள், தீர்ப்பு தப்பானால் மட்டும் ‘நாங்கள் வெறும் விமானக்காரர்கள்’ என்கிறார்கள். எனக்கு எரிகிறது.

ஏன் ஏற்றவில்லை என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள், தரவில்லை. நான் மின்னஞ்சல் போட்டேன். ‘ஆவணங்களைச் சரிபார்ப்பது பயணியின் பொறுப்பு’ என்று இரண்டு வரியில் பதில்.

இதைக் கேள். சைப்ரஸில் வசித்த கஜகஸ்தான்காரர் ஒருவரை, லார்னகாவிலிருந்து புக்கரெஸ்ட் போகவிடாமல் புளூ ஏர் விமான நிறுவனம் நிறுத்தியது. 2020 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? ஆவணம் போதாது என்று நிறுவனம் சொன்னதாலேயே அது நியாயமாகிவிடாது, நியாயம்தானா என்று நீதிமன்றம் பார்க்கும். ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவைத்துக்கொண்டு நஷ்ட ஈட்டைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. அங்கே தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை கிடைக்கும். அந்தத் தீர்ப்பு நம் ஊரில் செல்லாது, தெரியும். இங்கே விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் விதி இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு ஆளை இறக்கினால்தான் கைகொடுக்கும். ஆனால் வாதத்துக்கு உதவுமே.

ஆகவே நுகர்வோர் ஆணையம். அக்கா வசிக்கும் திருச்சியிலேயே போடலாம், ஐந்து லட்சத்துக்குள் கட்டணம் கிடையாது என்று படித்தேன். நம் கையில் இருக்கும் பெரிய சாட்சி இதுதான்: நாலு நாள் கழித்து அதே பாஸ்போர்ட்டோடு, ஏறக்குறைய இரட்டை விலை கொடுத்து, வேறு விமானத்தில் போனாள். டல்லாஸில் அதிகாரி தேதியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

குழந்தை அதற்குள் பிறந்துவிட்டது. பெண். அனு தனியாகத்தான் இருந்தாள், மாப்பிள்ளை வேலையாக வேறு ஊரில். அக்கா இதைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறுகிறது. டிக்கெட் பணம் போதும் என்கிறாள். எனக்குப் போதாது. மன உளைச்சலுக்கு எவ்வளவு கேட்கலாம், சொல்.

புகாரை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குப் பிடித்த ‘மேற்படி’யை எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள். இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறதே என்று உன் வீட்டு மாடிப்படி மாதிரி இழுக்காதே. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

அன்புடன்,
ரவி