மொட்டைமாடிப் பூட்டு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பெரியவளுக்குப் பாண்டியிலேயே கல்லூரி கிடைத்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்தது, அவளிடம் சொல்.

இங்கே போன மாதம் எங்கள் தெருக்கோடி வீட்டில் மாடிப்படிக்குக் கீழே மின்சார ஸ்கூட்டரை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள், பேட்டரி தீப்பிடித்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கத்தியது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. சாவி உள்ளேதான் இருந்தது. புகையில் தேட முடியவில்லை, தெருப் பையன்கள் கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ராத்திரி, நம் வீட்டில் தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவோம் என்று ஒத்திகை பார்க்க மெயினை அணைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த எல்லோரையும் எழுப்பி, வெளியே போங்கள் என்றேன். வாசல் சாவி அவருடைய சட்டைப்பையில், அந்தச் சட்டை அழுக்குத்துணிக் கூடையில். கண்டுபிடிக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. சரி, மாடி வழியாகப் பக்கத்து வீட்டுக்குத் தாண்டலாம் என்று ஏறினால் மொட்டைமாடிப் பூட்டு உப்புக்காற்றில் துருவேறிக் கிடக்கிறது, திருகியதில் சாவி உள்ளேயே முறிந்துவிட்டது. திருடனுக்குப் பயந்து நம்மை நாமே இப்படிப் பூட்டி வைத்திருக்கிறோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது மாடிக்கு வெறும் தாழ்ப்பாள்தான். வாசல் சாவி நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது, வெளியிலிருந்து கைவிட்டால் எட்டாது, வீட்டில் யாராக இருந்தாலும் இருட்டில் தடவியே எடுத்துவிடுவார்கள். புகை மேலே போய் நிற்கும், தரையோடு தவழ்ந்தால் மூச்சு விடலாம் என்று சின்னவனுக்குப் பழக்கிவிட்டேன். அத்தைக்கு முட்டிவலி, தவழ முடியாது, அதனால் வாசலை ஒட்டிய அறைக்கு மாற்றிவிட்டோம், அவரை அழைத்துவருவது பெரியவன் பொறுப்பு. வெளியே வந்தால் எல்லோரும் எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும், தலை எண்ணின பிறகு தீயணைப்புக்கு 101. அப்புறம் நகையோ போனோ எதற்காகவும் திரும்ப உள்ளே போகக்கூடாது.

வேலை செய்கிற இடத்திலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை உண்டு, ஆனால் சைரன் அடித்ததும் பாதிப்பேர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குத்தான் போகிறார்கள். கரண்ட் போனால் லிஃப்ட் நடுவில் நின்றுவிடுமே. பின்பக்கப் படிக்கட்டில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனார்களே, குறுகலான படிக்கட்டில் இறங்க வழியில்லாமல்தானே என்று மேனேஜரிடம் கேட்டேன். பதில் பேசவில்லை, மறுநாள் பெட்டிகள் போய்விட்டன.

நீ மூன்றாவது மாடியில் இருக்கிறாய். மொட்டைமாடிச் சாவி வாட்ச்மேனிடம் இருப்பதாகச் சொன்னாயே, ராத்திரி அவர் எங்கே படுப்பார்? கேட்டு எழுதுடி, சீக்கிரம்.

உன்
சுமதி
மஞ்சக்குப்பம், கடலூர்