இஸ்ரேலில், நெகேவ் பாலைவனத்தில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்க்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேசவிட்டால்தானே? "சாப்பிட்டேன்மா, நல்லா இருக்கேன்மா, லேப்ல வேலை இருக்கும்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். உங்கள் யுனிவர்சிட்டிக்கு வருகிற கோயம்புத்தூர்ப் பையன் அடுத்த வாரம் கிளம்புகிறானாம். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ஆத்தா இடித்துக் கொடுத்த மிளகாய்த்தூள் எல்லாவற்றோடும் இதையும் வைத்துக் கட்டிக் கொடுக்கிறேன். மிளகாய்த்தூளை வாங்கினதும் ஃப்ரிட்ஜில் வை. போன தடவை வண்டு விழுந்துவிட்டது என்றாய்.

இங்கே எல்லாரும் சுகம். இந்த 2025ஆம் வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. ஆடிப் பதினெட்டுக்குத் திருமூர்த்தி மலைக்குப் போய் வந்தோம், நல்ல கூட்டம். தேங்காய் கிலோ 60 ரூபாய்க்கு மேல் போகிறது, விற்கத்தான் மரத்தில் காய் இல்லை. வெள்ளை ஈ விட்டபாடில்லை, கீழ்மட்டை எல்லாம் கருத்துக் கிடக்கிறது. கிணற்றுக்கு மேற்கே இருக்கிற மரங்களை எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்கிறார். அப்பாரு வைத்த மரம் என்று ஆத்தா விடமாட்டேன் என்கிறார். நீ இருந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதாவது சொல்வாய்.

ஜூன் மாதத்து இஸ்ரேல்-ஈரான் சண்டையைப் பற்றி நாம் இன்னும் சரியாகப் பேசவே இல்லை தம்பி. 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆரம்பித்து 24ஆம் தேதி சண்டை நின்றது என்று சொல்லும் வரைக்கும் வீட்டில் டிவி அணையவில்லை. அப்பாவுக்கு இப்போது அந்த நாட்டு மேப் மனப்பாடம். டிமோனா என்று காதில் விழுந்தாலே எழுந்து உட்கார்ந்துகொள்வார். எனக்கு டிமோனா என்றால் நீ துவரம்பருப்பு வாங்கப் போகிற ஊர். பம்பாய்ப் பக்கமிருந்து போன யூதர்கள் நிறைய இருக்கிறார்கள், தெருவில் மராட்டி கேட்கிறது என்று சொன்னாயே, அதே ஊர். டிவியில் அது அணு உலை இருக்கிற ஊர். நீ இருக்கிற ஸ்டே போக்கேரிலிருந்து எவ்வளவு தூரம் என்று அப்பா கேட்டதற்கு "ரொம்ப தூரம்ப்பா" என்றாய். அவர் கூகிள் மேப்பில் பார்த்துவிட்டார். ஒன்றும் பேசாமல் போனை மேசைமேல் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

அன்றைக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? சொட்டுநீர் லைனில் இருந்த டிரிப்பர்களை எல்லாம் கழற்றி, வாளியில் ஆசிட் கலந்து ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, ஊசியால் குத்திக் குத்தி உப்பை எடுத்தார். வெள்ளையாகக் கல் மாதிரி கட்டியிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. இருட்டினபிறகும் டார்ச் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஹட்ஸெரிம் கிப்புட்ஸுக்கு, அந்தக் கூட்டுப்பண்ணைக் கிராமத்துக்குப் போய், 1965இல் இந்தச் சொட்டுநீர்க் கம்பெனி ஆரம்பித்த இடம் இதுதான்ப்பா என்று நீ அனுப்பின போட்டோவை இன்னும் எல்லாருக்கும் காட்டுகிறார். வருஷத்துக்கு 100 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிற ஊரில் என் மகன் தண்ணீரைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறான், சாக்கடைத் தண்ணீரில் 85 சதவீதத்துக்கு மேல் சுத்தம் பண்ணி வயலுக்கு விடுகிறார்கள் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் முன்னால் சொல்லமாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

ஆனால் இந்தியர்களை ஜோர்டான் வழியாகவும் எகிப்து வழியாகவும் கூட்டிவந்தார்களே, அதற்கு உன் பெயரைக் கொடு என்று எத்தனை தடவை சொன்னேன்? கொடுத்துவிட்டேன் என்றாய். அத்தை மகன் டெல்லியில் தமிழ்நாடு இல்லம் வரைக்கும் போன் பண்ணி விசாரித்தான். வந்திறங்கின பிள்ளைகளை டிவியில் காட்டும்போது ஒவ்வொரு முகமாகத் தேடினேன். கடைசியில் "சாம்பிள் எல்லாம் பாதியில நிக்குதும்மா, விட்டுட்டு வர முடியாது" என்று சொல்கிறாய். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஆனால் டிவியில் உன்னைத் தேடியிருக்க மாட்டேன்.

உனக்கு இது பழக்கம். கஷ்டம் எல்லாம் கதையான பிறகுதான் எனக்கு வந்து சேர்கிறது. போன புதிதில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் எல்லாம் நின்றுவிடும் என்று தெரியாமல், பேர்ஷேபா பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் வீட்டில் கூப்பிட்டு இரண்டு நாள் தங்கவைத்தார்களே, அதை எப்போது சொன்னாய்? தீபாவளிக்கு. அவர்கள் மெழுகுவத்தி ஏற்றிப் பாடினதையும், அடுப்பு பற்றவைக்காமல் முதல் நாளே சமைத்துச் சூடாக வைத்திருந்ததையும் அழகாகத்தான் சொன்னாய். கேட்க எனக்கும் ஆசையாக இருந்தது. அந்த வீட்டு அம்மாவை என் வாயால் வாழ்த்தினேன். ஆனால் அவர்கள் கூப்பிடாமல் இருந்திருந்தால் என் பிள்ளை எங்கே படுத்திருப்பான் என்று அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் குளிர்காலத்துக் காய்ச்சலும் அப்படித்தான். பாலைவனத்தில் இவ்வளவு குளிருமா என்று நீ சிரித்துக்கொண்டே சொல்லும்போது காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நல்லது எல்லாம் அன்றன்றைக்கே வந்துவிடும். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம், சார் என்றால் கோபித்துக்கொள்கிறாராம். யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு ரொட்டி இருக்கிற அலமாரியை எல்லாம் கடையில் மூடிவைத்துவிடுகிறார்கள். யோம் கிப்பூர் என்கிற அவர்கள் நோன்பு நாள் அன்றைக்கு ரோட்டில் ஒரு கார் கிடையாது, பிள்ளைகள் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். இதெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் இருந்த காலமாக இருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்.

சரி, இப்போது கேட்கிறேன். அங்கே வெயில் 36 டிகிரி என்கிறாய். அப்புறம் ஏன் தம்பி முழுக்கைச் சட்டை? சின்ன வயசிலிருந்து சட்டையே போடாத பிள்ளை நீ. ஜூன் 20ஆம் தேதியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன் எப்போதும் வலது கையில். இடது கை திரைக்குள் வருவதே இல்லை.

நெவாதிம் ஊரில் இருக்கிற கொச்சி யூதப் பாட்டியம்மா போன மாதக் கடைசியில் என்னைக் கூப்பிட்டார். பண்டிகைக்கு நீதானே வீடியோவில் பேசவைத்தாய், அப்போதே நம்பரை வைத்துக்கொண்டோம். 1950களில் கேரளத்துச் சேந்தமங்கலத்தை விட்டுப் போனவர் பேசுகிற மலையாளத்துக்கு என் கொல்லங்கோட்டு மலையாளம் நன்றாக ஒத்துப்போகிறது. அவர்கள் வீட்டுக் கல்யாணப் பாட்டு ஒன்றுகூடப் பாடிக் காட்டினார், மலையாளத்தில்தான். அவர் எடுத்ததும் கேட்டது, "மோன்டெ கை பேதமாயோ?" என்று. மகனுக்குக் கை குணமாகிவிட்டதா என்று. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. தெரிந்ததுபோலவே "ஆயி", ஆகிவிட்டது என்றேன். அப்படிச் சொன்னதால்தான் மிச்சத்தையும் சொன்னார். ஜூன் 19ஆம் தேதி காலையில் பேர்ஷேபா ஸொரோக்கா ஆஸ்பத்திரிமேல் ஏவுகணை விழுந்தபோது நீ அதற்கு எதிரில் நண்பன் ரூமில் இருந்திருக்கிறாய். பேர்ஷேபா கேம்பஸில் ஏதோ மெஷினுக்கு உனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள், முதல் நாளே போய்த் தங்கினாய். ஜன்னல் கண்ணாடி. தையல் போட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு இங்கே பத்து மணி வாக்கில் செய்தி ஓட ஆரம்பித்தது. உடனே கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மத்தியானம் "நான் ஸ்டே போக்கேர்லதான் இருக்கேன்மா, இங்க ஆடு மேஞ்சுகிட்டு இருக்கு" என்று ஒரு போட்டோ அனுப்பினாய். அந்த நாட்டு முதல் பிரதமர் பென்-குரியன் சமாதிக்குப் பக்கத்துப் புல்வெளியில் மலையாடுகள் நிற்கிற போட்டோ. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். சாயங்காலம் திரும்பப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, ஒற்றைக் கொம்பு உடைந்த ஆடு. அதே போட்டோவை நீ மாசி மாதமே அனுப்பியிருந்தாய். தெரிந்தும் உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ இன்னொரு போட்டோ அனுப்புவாய்.

தம்பி, எனக்கு நெஞ்சு தாங்காது என்று நினைத்துச் செய்கிறாய். தெரியும். உன் சின்ன மாமனும் அப்படி நினைத்துத்தான் செய்தான். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று நம் வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நீ அந்த வழிக்குப் போகாதே. தையல் என்றால் தையல் என்று சொல். பயமாக இருந்தது என்றால் பயமாக இருந்தது என்று சொல். நீ சொல்கிற கெட்டது ஒன்றுதான் இருக்கும். நீ சொல்லாமல் விட்டால் நான் நினைத்துக்கொள்கிற கெட்டதுக்குக் கணக்கு இல்லை.

2023 அக்டோபரில் போக வேண்டியவன் நீ. 7ஆம் தேதி ஹமாஸ் தாக்குதல் நடந்தது, ஆபரேஷன் அஜய் விமானத்தில் பிள்ளைகள் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே உன் பெட்டியைப் பிரித்தோம். அடுத்த மாசியில் மறுபடி கட்டினோம். வேண்டாம் என்றேன், அப்பாதான் போகட்டும் என்றார். அதற்காக இன்றைக்கு வரைக்கும் அவரிடம் ஒரு வார்த்தை நான் குத்திப் பேசியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசாவில் பிள்ளைகள் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கஞ்சிக்கு நெருக்கியடித்து நிற்பதை டிவியில் காட்டுகிறார்கள். சோற்றில் கை வைக்க முடியவில்லை. உன் மகன் அந்த நாட்டில்தானே படிக்கிறான் என்று கோயிலில் வைத்தே கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அங்கே உன்னோடு படிக்கிறவர்களிலேயே அண்ணனைப் பிணைக்கைதியாகப் பறிகொடுத்தவர்களும் இருப்பார்கள், அந்தப் பக்கம் சொந்தக்காரர்களை இழந்தவர்களும் இருப்பார்கள். இதைப் பற்றி லேபில் யாரும் பேசுவதில்லை, பேசினால் வேலை நடக்காது என்று ஒரு தடவை சொன்னாய். 2024 ஏப்ரலில் ஏவுகணைத் துண்டு விழுந்து பாலைவன அரபு மக்களான பெதுயின்களின் ஏழு வயசுப் பெண் குழந்தைக்குத் தலையில் அடிபட்டதே, அந்த ஊர்களில் ஓடி ஒளியப் பதுங்கு அறைகூடக் கிடையாது என்று உங்கள் லேப் டிரைவர் சொல்லி அழுததாகச் சொன்னாய். அன்றைக்கு உன் குரல் வேறு மாதிரி இருந்தது. அந்தக் குரலில் நீ பேசினால் எனக்குத் தாங்கும். அந்த டிரைவரை விட்டுவிடாதே, நல்லது கெட்டதுக்கு அவர் வீட்டுக்குப் போய் வா. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டேன்.

போனில் எச்சரிக்கை வந்ததும் கிளம்பு, சைரன் அடிக்கட்டும் என்று உட்காராதே. செருப்பு போட்டுக்கொண்டு போ, கண்ணாடி கிடக்கும். மொட்டை மாடியில் நின்று வீடியோ எடுக்காதே. பாஸ்போர்ட்டும் இன்சூரன்ஸ் தாளும் பையிலேயே இருக்கட்டும். பேர்ஷேபாவில் ராத்திரி தங்காதே, வேலை முடிந்தால் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடு. தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பதுங்கு அறை இருக்கிற வீடாகப் பார். தையல் போட்ட இடத்தில் மரத்துப்போன மாதிரி இருந்தால் டாக்டரிடம் காட்டு, இடது கைதானே என்று விடாதே. செருப்பு போட்டுக்கொண்டு போ.

உன் பேராசிரியர் இன்னொரு வருஷம் நீட்டிக்கச் சொல்கிறார் என்று கோயம்புத்தூர்ப் பையனின் அம்மா சொன்னார். அதையும் அவர் வாயிலிருந்துதான் கேட்க வேண்டியிருந்தது. இரு என்றும் சொல்ல மாட்டேன், வா என்றும் சொல்ல மாட்டேன். படிப்பு உன்னுடையது, அதற்காக எவ்வளவு பட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். முடிவு எடுத்த அன்றைக்கே சொல், தீபாவளி வரை காத்திருக்காதே. கை விஷயம் அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வேலைநாள், அதனால் சனிக்கிழமை கூப்பிடு, அவர் மத்தியானம் வீட்டில்தான் இருப்பார்.

நெவாதிம் பாட்டியம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. அவர் சொல்லிவிட்டாரே என்று போவதை நிறுத்திவிடாதே. அவருக்கென்று தனியாக ஒரு பொட்டலம் குடம்புளி வைத்திருக்கிறேன், மேலே மலையாளத்தில் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்
அம்மா

அப்பா கேட்கச் சொன்னது: கிணற்றுத் தண்ணீரை டெஸ்ட்டுக்குக் கொடுத்தோம், உப்பு ஏறியிருக்கிறது என்று வந்திருக்கிறது. அங்கே உப்புத்தண்ணீரில் தக்காளி விளைய வைக்கிறார்கள் என்றாயே, அதேபோலத் தென்னைக்கு விடலாமா, விட்டால் டிரிப்பரை எத்தனை நாளைக்கு ஒருமுறை ஆசிட் விட்டு அலச வேண்டும் என்று விவரமாக எழுது. ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் பருப்புப் பொடி டப்பாவுக்குக் கீழே இருக்கிறது.